லென்ஸைத் துடைக்கும் முன் ஒரு நிமிஷம்!

(அறிவியல் பக்கம்)



இந்த இதழின் அறிவியல் பக்கத்தில் கேமரா லென்ஸைப் பற்றிப் பார்ப்போம். லென்ஸ் நல்லா இருக்கா என்று எப்படிச் சோதிப்பது, எப்படிச் சுத்தம் செய்வது, எப்படிப் பத்திரமாக வைத்திருப்பது என்பதுதான் பாடம். "எங்க வீட்ல கேமராவே இல்லையே" என்று தாண்டிப் போய்விடாதீர்கள். செல்போன் இருக்கிறதல்லவா? அதிலும் லென்ஸ் இருக்கிறது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா போட்டோகிராபர். மலை மேலே மொட்டை, காதுகுத்து, கல்யாணம் என்று படம் எடுப்பார். போன வருஷம் ஆடிக்கிருத்திகைக்கு அவர் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். காவடிக் கூட்டம், காற்று, எங்கே பார்த்தாலும் விபூதி. லென்ஸ் மேலேயும் கொஞ்சம் விழுந்துவிட்டது. சித்தப்பா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், உதவி செய்வதாக நினைத்து என் சட்டை நுனியால் அதை அழுத்தித் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்குச் சந்தோஷம்.

அன்று ராத்திரி வீட்டில் படங்களைப் பார்த்தால், சாயங்காலத்துக்கு அப்புறம் எடுத்த படங்களில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் புகை மாதிரி ஒரு வெளிச்சம். சித்தப்பா டார்ச் அடித்து லென்ஸைப் பார்த்தார். வட்ட வட்டமாக முடி மாதிரி மெல்லிய கீறல்கள்.

"துடைச்சியாடா?"

"ஆமா சித்தப்பா. விபூதி விழுந்துடுச்சு, அதான்..."

"விபூதி இருந்தா ஊதி விட்டிருக்கலாம்டா. கீறலை எதை வச்சு ஊதுறது?"

அவ்வளவுதான் சொன்னார். திட்டக்கூட இல்லை. ஆனால் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு, படிப்படியாகக் கற்பூரம் எரிவதை எடுக்க, அவர் வேறு லென்ஸை வாடகைக்கு வாங்கித்தான் போனார். அந்த வாடகை என்னால் வந்த செலவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தூசி இருந்தால் படம் கெடுமா?

பெரும்பாலும் கெடாது! நம்ப முடியவில்லையா? ஒரு பென்சிலை ஒரு கண்ணுக்கு மிகப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தூரத்தில் இருக்கும் மலையைப் பாருங்கள். பென்சில் கலங்கிப்போய் ஒரு நிழல் மாதிரித்தான் தெரியும். மலை தெளிவாக இருக்கும். லென்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டிய தூசியும் அப்படித்தான். லென்ஸ் தூரத்துப் பொருளைத் தெளிவாக்கும்போது, தன் மேலேயே ஒட்டியிருப்பதைத் தெளிவாகக் காட்டாது.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 50 மி.மீ. குவியத் தூரம் உள்ள லென்ஸை எஃப் 2 என்ற அளவில் திறந்தால், ஒளி போகும் துவாரத்தின் விட்டம் 50 ÷ 2 = 25 மி.மீ. அதன் பரப்பு சுமார் 491 சதுர மி.மீ. அதில் 1 சதுர மி.மீ. அளவுக்குத் தூசி இருந்தால் ஒளியில் சுமார் 500-ல் ஒரு பங்குதான் குறையும். கண்ணுக்கே தெரியாது.

அதே லென்ஸில் துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கினால் விட்டம் 3.1 மி.மீ. பரப்பு சுமார் 7.7 சதுர மி.மீ. தான். அதே தூசி ஒளியின் வழியில் இருந்தால், இப்போது சுமார் 13 சதவீதத்தை மறைத்துவிடும். ஆகவே சிறிய துவாரத்தில் எடுக்கும்போதும், விளக்கு அல்லது சூரிய ஒளி நேராக லென்ஸில் விழும்போதும்தான் தூசி தொல்லை தரும். பின்பக்கக் கண்ணாடியில் இருக்கும் தூசி, கேமராவின் சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால், முன்பக்கத் தூசியைவிட அதிகம் பாதிக்கும்.

விரல் ரேகை வேறு சமாச்சாரம். அதில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. ஒளியை நாலா பக்கமும் சிதறடித்து, படத்தை வெளுத்தாற்போல ஆக்கிவிடும். பூஞ்சைக்கும் அதுதான் சாப்பாடு. அதைச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

சட்டைத்துணி கண்ணாடியைக் கீறுமா?

துணி கீறாது. துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிய மணல்தான் கீறும். கனிமங்களின் கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. வைரம் அதில் 10. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கண்ணாடி சுமார் 5 முதல் 6 வரை. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பது விதி. நம்ம ஊர் ரோட்டுத் தூசியில் குவார்ட்ஸ் தாராளமாக இருக்கிறது. மாடு தின்ற புல்லில் இருந்து வந்த சிலிக்கா, சாண விபூதியிலும் இருக்கிறது. தூசியோடு சேர்த்துத் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரி.

"எங்க பாட்டி லாந்தர் சிம்னியைச் சாம்பல் போட்டுத்தானே துடைப்பாங்க?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. சிம்னி வெறும் கண்ணாடி. வெளிச்சம் வெளியே வந்தால் போதும். லென்ஸ் வெறும் கண்ணாடி இல்லை. அதன் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது.

வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு லென்ஸுக்குள் பல கண்ணாடிகள் இருக்கும். 12 பரப்புகள் என்று வைத்துக்கொண்டால், 0.96-ஐ 12 தடவை பெருக்கிப் பாருங்கள். சுமார் 0.61 வரும். அதாவது 100-ல் 39 பங்கு ஒளி வீண். அந்த ஒளி உள்ளேயே முட்டி மோதிப் படத்தையும் வெளுக்க வைக்கும். இதைத் தடுக்கத்தான் மெக்னீசியம் ஃபுளோரைடு போன்ற பொருளை மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். அதன் கனம் சுமார் 100 நானோமீட்டர். நம் தலைமுடியின் கனம் சுமார் 70,000 நானோமீட்டர். 700 பங்கு மெல்லியது! சாம்பல் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பூச்சு வந்த கதை சுவையானது. 1890-களில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் வல்லுநர், வயதாகி நிறம் மங்கிப்போன பழைய லென்ஸ் புது லென்ஸைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கண்டுபிடித்தார். மேலே படிந்த மெல்லிய படலம்தான் காரணம். பிறகு 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் வைத்துப் பூச்சு போடும் முறையைக் கொண்டுவந்தார். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதா, பச்சை என்று ஒரு நிறம் மின்னுகிறதே, அதுதான் அந்தப் பூச்சு. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள்!

முதலில் சோதனை

சுத்தம் செய்வதற்கு முன் லென்ஸுக்கு என்ன குறை என்று தெரிய வேண்டும். டாக்டர் பார்க்காமல் மருந்து கொடுப்பாரா?

1. டார்ச் சோதனை: இருட்டான அறையில் லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் இருந்து சாய்வாக டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் தூசி. சிலந்தி வலை அல்லது மரக்கிளை மாதிரி இருந்தால் பூஞ்சை. மூட்டமாக இருந்தால் உள்ளே ஆவி படிந்திருக்கிறது. உள்ளே நாலு தூசி இருப்பது சகஜம். கவலை வேண்டாம்.

2. வளையச் சோதனை: போகஸ் வளையம் சீராகச் சுற்ற வேண்டும். நறநற என்றால் உள்ளே மணல். துவாரத்தின் இதழ்களில் எண்ணெய் பளபளக்கக் கூடாது.

3. செய்தித்தாள் சோதனை: ஒரு முழுச் செய்தித்தாளைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கேமராவை ஸ்டாண்டிலோ பெஞ்சிலோ அசையாமல் வைத்து, டைமர் போட்டு எடுங்கள். துவாரத்தை முழுசாகத் திறந்து ஒன்று, எஃப் 5.6-ல் ஒன்று, எஃப் 8-ல் ஒன்று. பிறகு பெரிதாக்கி, நடுவிலும் நாலு மூலையிலும் எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். நாலு மூலையும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே ஏதோ கண்ணாடி நகர்ந்திருக்கலாம்.

கேமரா சுவருக்கு நேராக இருக்க வேண்டும். அதற்கு ஒரு உபாயம்: தாளின் நடுவில் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைச் சப்பையாக ஒட்டுங்கள். கேமராவில் பார்க்கும்போது லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

4. விளக்குச் சோதனை: ராத்திரியில் தூரத்துத் தெருவிளக்கு ஒன்றைப் படம் எடுங்கள். சுற்றிலும் புகை போலத் தெரிந்தால் பசையோ, மூட்டமோ, கீறலோ இருக்கிறது.

5. வெள்ளைச் சுவர் சோதனை: எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை எடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் லென்ஸை மாற்றி இன்னொரு படம் எடுங்கள். புள்ளி அதே இடத்தில் இருந்தால் தூசி லென்ஸில் இல்லை, சென்சாரில் இருக்கிறது. அதை நாம் தொடக் கூடாது. தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

ஒரே சோதனையை நம்பி முடிவு கட்டக் கூடாது. இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி. 2.4 மீட்டர் கண்ணாடியோடு 1990 ஏப்ரலில் மேலே போனது. படங்கள் மங்கலாக வந்தன. காரணம் என்ன தெரியுமா? கண்ணாடியைச் சோதித்த கருவியிலேயே ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் மாறி இருந்தது. தப்பான கருவியைச் "சரி" என்று நம்பித் தேய்த்ததால், கண்ணாடியின் ஓரம் சுமார் 2 மைக்ரோமீட்டர் அதிகமாகத் தட்டையாகிவிட்டது. வேறு எளிய சோதனைகள் தப்பைக் காட்டியும், பெரிய கருவி பொய் சொல்லாது என்று விட்டுவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் கருவிகளைப் பொருத்தினார்கள். நமக்குப் பாடம்: மூலை மங்கினால் உடனே லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டாண்டையும் சுவரையும் சரிபார்த்து மறுபடி எடுங்கள்.

சுத்தம் செய்யும் வரிசை

வரிசை மாறக் கூடாது. முதலில் காற்று, அப்புறம் பிரஷ், கடைசியில்தான் துணி.

முதல் படி, காற்று: ரப்பர் பந்து மாதிரி இருக்கும் புளோயரால் காற்றடியுங்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தூசி கீழே விழும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

இரண்டாம் படி, பிரஷ்: லென்ஸுக்கென்றே உள்ள மென்மையான பிரஷ். அதன் முடியை விரலால் தொடக் கூடாது. தொட்டால் விரல் பசை லென்ஸுக்குப் போகும்.

மூன்றாம் படி, துணி: விரல் ரேகையோ பசையோ இருந்தால் மட்டும். லென்ஸுக்கான திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். லென்ஸின் மேல் நேராக விட்டால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால், நடுவில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி ஓரத்துக்கு வாருங்கள். அழுத்தவே கூடாது. துணியையும் அவ்வப்போது சோப்பு போட்டு அலசிக் காய வையுங்கள். அழுக்குத் துணி உப்புத்தாளுக்குச் சமம்.

செல்போன் வைத்திருப்பவர்களுக்கு: பாக்கெட்டிலும் கையிலும் இருப்பதால் போன் லென்ஸில் எப்போதும் விரல் பசை இருக்கும். ராத்திரிப் படத்தில் விளக்கிலிருந்து கோடு கோடாக நீண்டால் அதுதான் காரணம். முதலில் தூசியைத் தட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் சுத்தமான துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். புது போன் வாங்கச் சொல்லி வீட்டில் சண்டை போட வேண்டாம்!

பெரிய விஞ்ஞானிகளும் இதே வரிசைதான்

நம்ம ஊருக்குத் தென்மேற்கே, ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-ல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். ஹப்பிளின் கண்ணாடிக்கும் இதற்கும் அளவில் சில சென்டிமீட்டர்தான் வித்தியாசம். இதில் ஒளியைச் சேர்ப்பது லென்ஸ் இல்லை, குழிவான கண்ணாடி. அதன் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு. அதுவும் நம் லென்ஸ் பூச்சு மாதிரி மிக மெல்லியதுதான்.

அதில் தூசி படிந்தால் துணி போட்டுத் தேய்ப்பதில்லை. பூச்சு மங்கிப்போனால், பழைய அலுமினியத்தை ரசாயனத்தால் கரைத்துக் கழுவிவிட்டு, வெற்றிட அறைக்குள் வைத்து அலுமினியத்தை ஆவியாக்கிப் புதிதாகப் படிய வைக்கிறார்கள். உலகத்தின் பல வானாய்வகங்களில், இடைப்பட்ட காலத்தில் உறைந்த கார்பன் டை ஆக்சைடு துகள்களைப் பீய்ச்சித் தூசியைக் கிளப்பிவிடுகிறார்கள். அதுவும் ஒருவிதத்தில் "ஊதுவது"தானே? தேய்ப்பதற்கு அவர்களே பயப்படுகிறார்கள். நான் பயப்படவில்லை. அதுதான் என் தப்பு.

பூஞ்சையிடம் ஜாக்கிரதை

நம்ம ஊர் வெயில் பேர் போனது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள் இருக்கும் தோல் செருப்பு பூத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். லென்ஸுக்கும் அதே கதிதான். காற்றில் ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேல் ரொம்ப நாள் இருந்தால் பூஞ்சை வளரும். அது விடும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். பூஞ்சையைத் துடைக்கலாம், அரித்த தடத்தைத் துடைக்க முடியாது.

பாதுகாப்பு சுலபம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அதில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். முடிந்தால் சின்ன ஈரப்பத மானி ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் சரி. சிலிக்கா ஜெல் நிறம் மாறிவிட்டால் (நீலம் ரோஸ் ஆகும், ஆரஞ்சு பச்சை ஆகும்) ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். சுமார் 120 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீல ஜெல்லில் விஷப்பொருள் உண்டு. ஆகவே பெரியவர்கள் துணையோடு, சமையல் பாத்திரத்தைத் தொடாமல் செய்யவும்.

எல்லாவற்றையும்விட நல்ல பாதுகாப்பு, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது!

செய்யக் கூடாதவை

* விபூதி, சாம்பல், பற்பசை போட்டுத் தேய்க்கக் கூடாது.
* நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் பாகம் உருகும்.
* தோல் பையில் மாதக்கணக்கில் மூடி வைக்கக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.
* ஈரம் உறிஞ்சட்டும் என்று அரிசிக்குள் புதைக்கக் கூடாது. தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும்.
* ஏ.சி. அறையில் இருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த டம்ளரில் வேர்ப்பது போல லென்ஸும் வேர்க்கும். பிளாஸ்டிக் கவரில் மூடியபடி அரைமணி நேரம் விடுங்கள்.
* கேமரா லென்ஸ் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. கண் போய்விடும்.

முடிவாக...

கண்ணுக்கு இமை இருக்கிறது. லென்ஸுக்கு மூடி இருக்கிறது. படம் எடுக்காத நேரத்தில் மூடியைப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி பொறுமை. பளபளப்பாக இருக்கும் லென்ஸ் எல்லாம் நல்ல லென்ஸ் இல்லை. நான் துடைத்த லென்ஸும் பளபளப்பாகத்தான் இருந்தது.

சித்தப்பா அந்த லென்ஸைத் தூக்கிப் போடவில்லை. பகலில் காதுகுத்துப் படங்களுக்கு இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறார். பையைத் தூக்கும் வேலை இப்பவும் எனக்குத்தான். ஆனால் பையின் முன் அறையில் ஒரு புளோயர் இருக்கிறது. அது என் உண்டியல் காசில் வாங்கியது.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டு போனில் ராத்திரி ஒரு தெருவிளக்கை எடுங்கள். லென்ஸைச் சரியான வரிசையில் சுத்தம் செய்துவிட்டு மறுபடி எடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, என்ன வித்தியாசம் என்று அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

யோசித்துப் பாருங்கள்: 100 மி.மீ. லென்ஸில் துவாரம் எஃப் 4 என்றால் விட்டம் எவ்வளவு? 1 சதுர மி.மீ. தூசி அதில் எத்தனை பங்கு ஒளியை மறைக்கும்? விடையை எழுதிச் சுவர் இதழ்ப் பெட்டியில் போடவும்.



– பதினொன்றாம் வகுப்பு மாணவன், அறிவியல் மன்றம்